பதற்றமில்லாத ஒரு வாரமும் மூட்டைப்பூச்சியும்

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதியிருப்பதை இப்போதைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், விவரம் கீழே வருகிறது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, தைலம் தீர்ந்துவிட்டதா, மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறீர்களா என்று நான் வழக்கமாகக் கேட்பதை எல்லாம் கேட்டுவிட்டதாகவும், நீங்கள் வழக்கம்போல "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை அறிக்கை எழுதுவதாகச் சொல்லிவிட்டு ஆறாம் நாள் மதியம் முதல் கடிதத்தை எழுதுகிறேன். இந்தத் தாமதத்துக்குச் சோம்பல் காரணம் இல்லை. போன் செய்திருக்கலாமே என்பீர்கள். இந்த வீட்டில் சிக்னல் கிடையாது, மேட்டு வளைவு வரைக்கும் நடக்க வேண்டும், மேலும் வாயால் சொன்னால் நீங்கள் அதை ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியாததா. முப்பத்தோரு வருஷம் வார்டு சிஸ்டராக இருந்தவரிடம் "எழுதாதது நடக்காதது" என்பதை ஒரு நாளைக்கு நான்கு தடவை கேட்டு வாழ்பவள் நான். இங்கே வெள்ளைத்தாள் கிடைக்கவில்லை. பாப்பாவைக் கைமாற்றும்போது நாம் இரண்டு பேரும் எழுதிவைக்கிற ஒப்படைப்பு நோட்டின் கடைசிப் பக்கங்களைக் கிழித்துத்தான் எழுதுகிறேன், தையலோடு சேர்த்துப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது, மன்னிக்கவும். நோட்டு வழக்கம்போல் பாப்பா படுத்திருக்கும் இடத்தில்தான் தொங்குகிறது. தொடர்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு நாளும் விடவில்லை.

நம் ஒப்பந்தத்தை மறுபடி எழுதிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வரக்கூடாது. ஒன்றாம் தேதி நான் கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் திரும்பச் சேரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போடுவதாக அவர்கள் எழுதிவிட்டார்கள். நீங்கள் சொன்னது இது: "ஏம்மா, நீ பதறுற பதற்றத்துல குழந்தை உன் முகத்தையே பார்த்துக்கிட்டுக் கிடக்கு. ஒரு வாரம் எங்கயாவது போயிட்டு வாங்க. பதறாம ஒரு வாரம் இருந்தேன்னு எழுதிக் குடு. அப்புறம் நீ தாராளமா வேலைக்குப் போ. காலையில எட்டு மணிக்குப் பாப்பாவை மாடியில விட்டுட்டுப் போ, மீதியை நான் பார்த்துக்கறேன்." ஆக, இந்த ஒரு வாரம் எனக்கு விடுமுறை இல்லை, பரீட்சை. எழுதுகிறேன். முதல் நாள், பதற்றம் இல்லை. இரண்டாம் நாள், பதற்றம் இல்லை. மூன்றாம் நாளும் அப்படியே. இதெல்லாம் நோட்டில் கறுப்பு மையில் இருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்தான்.

வீடு நல்ல வீடு. இரண்டு அறை, சின்னச் சமையலறை, கண்ணாடி போட்ட முன்கூடம். ஏரி தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றால் தெரிகிறது, உங்கள் பிள்ளை ஏறிப் பார்த்துவிட்டு "ஆமா, இருக்கு" என்றார். சாவி வைத்திருப்பவர் எதிர்வீட்டில் இருக்கிறார், நாங்கள் அவரைச் சாவிக்காரர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கிறார். குழந்தைக்கு என்று கம்பி வைத்த மரக்கட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். நான் வந்தவுடன் அதைத் துடைத்து, நம் விரிப்பை விரித்து, வீட்டில் செய்வதுபோலவே கால்மாட்டில் நோட்டைக் கயிற்றோடு மாட்டினேன். சாவிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். இல்லை, எங்கள் வீட்டு வழக்கம், மாமியார் வார்டில் நோயாளி கட்டிலில் சார்ட் தொங்கவிடுவார்கள், அதுபோல என்றேன். அவர் பாப்பாவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் காலை பாப்பாவின் இடது முழங்கைக்குக் கீழே மூன்று சிவந்த தடிப்புகள். ஒன்றன்பின் ஒன்றாக, கூப்பன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையாக. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு ஓடினேன், ஆனால் அது பதற்றம் இல்லை, அறிவு. நான் விலங்கியல் படித்தவள். உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொசுப்பா" என்றார். கொசு வரிசை பார்த்துக் கடிக்காது, மூட்டைப்பூச்சிதான் நடந்துபோய் நடந்துபோய்க் கடிக்கும் என்றேன். அவர் நில அளவைக்காரர் இல்லையா, எதையும் அளக்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார், தையல் நூல் ஒன்றை எடுத்து பாப்பாவின் கையில் மூன்று தடிப்புக்கும் மேலாகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நேர்கோடுதான். நடுவுல இருக்கிறது மட்டும் ஒரு நூல் விலகியிருக்கு" என்றார். அப்போ மூட்டைப்பூச்சியா, இல்லையா? "கோணல் மாணலா நடக்குற மூட்டைப்பூச்சின்னு வச்சுக்கோ." இந்த மனிதரோடுதான் அத்தை நான் ஒரு வாரம் பதறாமல் இருக்க வேண்டும்.

கட்டிலைக் கழற்றினோம். ஒரு மூட்டில், திருகாணிக்குப் பக்கத்தில், ஒன்றே ஒன்று இருந்தது. மருந்து அளக்கும் மூடியால் கவிழ்த்துப் பிடித்தேன். தட்டையாக, பழுப்பாக, ஆறு கால், எண்ணிப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் பூச்சிகளோடு வேலை செய்தவள், ஆனால் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பதெல்லாம் ஊசி குத்திப் பெட்டிக்குள் இருக்கும், பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கும், நான் அதைத் தூசு தட்டுவேன். நடக்கிற பூச்சியை என்ன செய்ய வேண்டும் என்று எந்தத் தாளிலும் கேள்வி வந்ததில்லை. சாவிக்காரரைக் கூப்பிட்டு மூடியைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த வீட்டுல பல்லி உண்டு. போன வருஷம் எலி ஒண்ணு வந்துச்சு, மறைக்கலை. மூட்டைப்பூச்சி கிடையாது" என்றார். இதோ இருக்கிறதே என்றேன். "இது வீட்டோட வராதும்மா, ஆளோட வரும்." எனக்கு வந்ததே கோபம். நாங்கள் யார், எங்கள் வீடு எப்படிப்பட்ட வீடு, என் மாமியார் துடைத்த தரையைத் திரும்பத் துடைக்கிறவர், ஆஸ்பத்திரியில் டாக்டர்களே அவர் வருகிறார் என்றால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போவார்கள் என்று உங்களைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். உங்களை இவ்வளவு புகழ்ந்து நான் பேசியதே இல்லை, நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, மெத்தையை வெயில்ல போடுறேன்" என்று தூக்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கு முழுவதும் வெந்நீர். சாவிக்காரர் பெரிய அண்டா ஒன்று கொடுத்தார். விரிப்பு, தலையணை உறை, பாப்பாவின் துணி, என் துணி, உங்கள் பிள்ளையின் துணி, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைத்ததில் என் சிவப்புத் துப்பட்டா சாயம் விட்டுவிட்டது. உங்கள் பிள்ளையின் சட்டைகள் இப்போது எல்லாமே ரோஜா நிறம். ஆபீஸ் சட்டை இரண்டும் சேர்த்து. "பரவாயில்ல, கழனியில நின்னா தூரத்திலேர்ந்தே தெரிவேன்" என்று சொல்லிவிட்டு, காயும்வரை என் நைட்டியைப் போட்டுக்கொண்டு முன்கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். கண்ணாடிக் கூடம் என்று சொன்னேன் அல்லவா. தெருவில் போனவர்கள் இரண்டு பேர் வணக்கம் சொன்னார்கள், இவரும் எழுந்து வணக்கம் சொன்னார்.

கட்டில் மரத்துக்கும் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன், அது காயவில்லை. அதனால் மூன்றாம் நாள் பாப்பாவை மற்ற அறையில் எங்கள் கட்டிலில் படுக்க வைத்தோம். அந்தக் கட்டிலின் நான்கு காலுக்கும் சமையலறையில் இருந்த சூப்புக் கிண்ணங்களை வைத்துத் தண்ணீர் ஊற்றினேன், அகழி மாதிரி. கட்டில் சுவரைத் தொடாமல் ஒரு சாண் இழுத்துப் போட்டோம். போர்வை தரையில் படாமல் மடித்தோம். எந்தப் பூச்சியும் ஏறுவதற்கு வழியே இல்லை என்று உங்கள் பிள்ளை நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து சான்றிதழ் கொடுத்தார். பாப்பாவைத் தட்டித் தூங்க வைத்து, நோட்டில் எழுதி, தலைமாட்டில் மாட்டிவிட்டுப் படுத்தேன். எழுந்தபோது பாப்பாவின் கழுத்தில் நான்கு, உங்கள் பிள்ளையின் இடுப்பில் ஐந்து. அவர் சொறிந்துகொண்டே இறங்கி நேராக ஒரு கிண்ணத்தில் காலை விட்டார், கிண்ணம் உடைந்தது, சாவிக்காரருக்குப் புதிது வாங்கிக் கொடுக்க வேண்டும். என்னை ஒன்றும் கடிக்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அது அசையாமல் தூங்குகிற ஆளைத்தான் கடிக்கும், புத்தகத்திலேயே இருக்கிறது. நான் எங்கே தூங்கினேன். இதை நீங்கள் பதற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, நான் காவல் இருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பாப்பா அழவே இல்லை. தடிப்பைத் தொட்டுத் தொட்டு "பூ, பூ" என்கிறாள். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. சொல்லத் தெரியாத குழந்தை, அரிக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாமல், அம்மா இருக்கிறாள் என்று நம்பித் தூங்குகிறது, அம்மா பக்கத்திலேயே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தும் ஒரு எள்ளளவு பூச்சியைத் தடுக்க முடியவில்லை. என் கண் எதிரிலேயே இப்படி என்றால் நான் இல்லாத ஒன்பது மணி நேரம் எப்படி என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தேன். நினைத்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான்காம் நாள் பாப்பாவின் பிளாஸ்டிக் குளியல் தொட்டியை வெந்நீரில் கழுவி, வெயிலில் காய வைத்து, கொதிக்க வைத்த துண்டை உள்ளே விரித்து, முன்கூடத்தில் மேஜைமேல் ஏற்றி, அதற்குள் அவளைப் படுக்க வைத்தேன். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அது ஏறாது, கால் வழுக்கும். நோட்டை மட்டும் நேர்மேலே ஜன்னல் கொக்கியில் மாட்டினேன். மேஜையைச் சுற்றி நாங்கள் இரண்டு பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலையில் பால் கொண்டுவந்த சாவிக்காரர் கண்ணாடி வழியாக அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் பாலை வாசற்படியிலேயே வைத்துவிட்டு, கையில் வைத்திருந்த தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பாப்பா எழுந்து உட்கார்ந்து "பா" என்றதும்தான் மூச்சு விட்டார். பாப்பாவின் கன்னத்தில் இரண்டு புதிய தடிப்பு.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த வேகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன், அது சரியென்றுதான் அப்போது நினைத்தேன். இங்கே தங்கிப் போகிறவர்கள் எழுதும் புத்தகம் ஒன்று கூடத்தில் இருக்கிறது. எல்லோரும் "அமைதியான இடம், மனதுக்கு நிறைவு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் இரண்டு பக்கம் எழுதினேன். வாழ்க்கைச் சுழற்சி, முட்டையிடும் இடங்கள், கடியின் அடையாளம், இந்த வீட்டின் நிலைமை என்று தலைப்புப் போட்டு, பூச்சியை மேலிருந்து பார்த்தால், பக்கவாட்டில் பார்த்தால் என்று இரண்டு படம் வரைந்து பாகங்களைக் குறித்து, கீழே கையெழுத்தும் பட்டமும் போட்டேன். சாவிக்காரர் மாலையில் அதைப் படித்தார். புத்தகத்தை மூடி, மேலே இருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார். "அந்த ஆளு முகத்தைப் பார்த்தியா?" என்றார் உங்கள் பிள்ளை. பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

அத்தை, இதுவரை எழுதியதெல்லாம் எளிது. இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் நேற்றிலிருந்து தள்ளிப்போட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதாதது நடக்காதது என்று நீங்களே சொல்லியிருப்பதால் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் எங்கள் சாமான் எல்லாவற்றையும் வெயிலில் கொட்டினேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பச்சைப் பையையும் உதறினேன். நீங்கள் இருபத்தைந்து வருஷம் முடித்தபோது வார்டுப் பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பை, உங்கள் பெயரை நூலில் தைத்திருப்பார்களே, அதே பை. அதன் உள்தையலில், மடிப்புக்குள், பூச்சி உரித்துப்போட்ட தோல் இரண்டு இருந்தது. நான் உடனே எந்த முடிவுக்கும் வரவில்லை. உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் வரைபடம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட இதை நீ சொல்றியா, நான் ஊர் மாத்திக்கவா?" என்றார்.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பத்தோரு வருஷம் எத்தனை நோயாளிகள், எத்தனை கட்டில்கள், அந்தப் பை எத்தனை பெஞ்சுக்கு அடியில் இருந்திருக்கும். யார் என்ன செய்ய முடியும். சுத்தமாக இருக்கிறவர்களுக்கும் வரும், புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தப் பை உங்கள் அறையில் பீரோவுக்கு மேலே இருந்தது, அந்த அறையில்தான் நான் வேலைக்குப் போனால் பாப்பா மதியம் தூங்குவாள். அதைத்தான் என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பையை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டேன். மன்னியுங்கள். அது சுருங்கிவிட்டது, தோல் பிடி இரண்டும் கையோடு வந்துவிட்டது, உங்கள் பெயரில் முதல் இரண்டு எழுத்து மட்டும் இருக்கிறது. இப்போது பாப்பாவின் செருப்பு வைக்கத் தோதான அளவில் இருக்கிறது.

ஆகவே நான் நிதானமாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். வேலைக்குத் திரும்பச் சேரவில்லை என்று கல்லூரிக்கு எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். பாப்பாவை மாடியில் விடுவது பற்றி அவள் கொஞ்சம் பெரியவளான பிறகு, நீங்கள் உங்கள் அறையை ஒருமுறை முழுவதுமாகப் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம். இது கோபத்தில் எழுதியது இல்லை. உங்களிடம் குழந்தையை விடப் பயம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. நான் இல்லாத இடத்தில் அவள் தூங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆறாம் நாள். பதற்றம் இல்லை.

நாளை மறுநாள் மாலை வீடு வந்து சேருவோம். மூட்டுக்குத் தைலம் போட மறக்க வேண்டாம். பாப்பா உங்கள் பெயரைச் சொன்னால் இரண்டு கையையும் தட்டுகிறாள். பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் அண்டை அயலில் விசாரித்தவர்களுக்கு எங்கள் அன்பும் சேரட்டும்.

பணிவுடன்,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள் என்றால் தயவு செய்து படிக்காததாக வைத்துக்கொள்ளவும். முதலில் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும், ஆனால் இது நடந்தது அதற்குப் பிறகு.

கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் பிள்ளை தபால் உறை வாங்கப் போயிருந்தார். பாப்பா தூக்கம் கலைந்து எழுந்து, பக்கத்தில் தொங்கிய நோட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். நான் பக்கங்களைத் தையலோடு பிடுங்கியிருந்ததில் முதுகு தளர்ந்து போயிருக்கிறது. நோட்டு தரையில் விழுந்து, அந்த நீலத்துணி முதுகு வாயைப் பிளந்துகொண்டது. அதற்குள்ளிருந்து வெளியே வந்தார்கள் அத்தை. பெரியது, நடுத்தரம், பொடிசு என்று குடும்பத்தோடு. நான் பதினான்கு வரைக்கும் எண்ணினேன். உங்கள் பிள்ளை உள்ளே வந்து பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உங்க ரெண்டு பேர் கையெழுத்துக்கும் நடுவுலதான்டி குடித்தனம் நடத்தியிருக்கு" என்றார்.

கட்டிலில் மாட்டினேன், அங்கே கடித்தது. தலைமாட்டில் மாட்டினேன், அங்கே கடித்தது. அகழி வெட்டி, அதற்கு உள்பக்கமாக நானே கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன். அந்த நோட்டு உங்கள் பச்சைப் பையில்தான் பிரயாணம் செய்தது, தோலை அங்கே உரித்துப் போட்டிருக்கிறது. பை மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த நோட்டை வாங்கியது யார்? வாங்கவில்லை. கெட்டி அட்டை, நாள்பட உழைக்கும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்துப் பழைய அலமாரியிலிருந்து எடுத்து வந்தவள் நான். அந்த அலமாரியை ஒட்டிப் போட்ட பெஞ்சில்தான் எங்கள் உதவியாளர் தினமும் மதியம் தூங்குவார், எழுந்து சொறிந்துகொண்டே தேநீருக்குப் போவார். விலங்கியல் படித்த நான் ஒரு நாளும் அதைக் கவனித்ததில்லை.

நோட்டை அண்டாவில் போடுவதற்கு முன் இடுக்கியால் பிடித்துப் பின்னோக்கிப் புரட்டினேன். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால் உங்கள் நீல மை: "பின்கழுத்தில் வரிசையாக மூன்று தடிப்பு. கவனிக்கவும்." அதற்குக் கீழே என் கறுப்பு மை: "காலையில் இல்லை. உங்கள் நேரத்தில் வந்தது. கொசுவாக இருக்கும்." வரிசையாக என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் கொசு என்று எழுதியிருக்கிறேன். இதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

நோட்டு கொதித்துவிட்டது. உங்கள் நீலமும் என் கறுப்பும் ஒன்றாகக் கலந்து, எது யார் சொன்னது என்று இனிமேல் யாராலும் படிக்க முடியாது. ஒரு வருஷக் கணக்கும் போய்விட்டது. இனி நாம் வேறு நோட்டு போட வேண்டாம். கஞ்சி குடித்தாளா என்று நான் கேட்கிறேன், குடித்தாள் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் நம்புகிறேன். எழுதாததும் நடந்ததுதான் அத்தை. உங்கள் பையைப் பற்றி என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு மீதியை நானே தைத்துத் தருகிறேன், கோணலாகத்தான் வரும்.

சாவிக்காரரிடம் போய் நின்று மன்னிப்புக் கேட்டேன். புத்தகத்தில் என் இரண்டு பக்கத்தையும் கிழித்துவிடுகிறேன் என்றேன். "நான் அப்பவே சொன்னேன்ல, ஆளோட வரும்னு. எழுத்தை மட்டும் அடிச்சிருங்கம்மா, படம் இருக்கட்டும். நல்லா வந்திருக்கு" என்றார். அடித்துவிட்டு, கீழே "அமைதியான இடம்" என்று எழுதினேன்.

கல்லூரிக்கு நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. ஒன்றாம் தேதி காலை எட்டு மணிக்குப் பாப்பாவை மாடிக்குத் தூக்கி வருகிறேன். வந்து ஒரு நிமிஷம் வாசற்படியிலேயே நிற்பேன், "போம்மா, நேரமாச்சு" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இந்தக் கடிதம் முழுவதும் அந்த நோட்டின் தாள்தான். திரும்ப எழுத வேறு தாள் இல்லை. உங்கள் பிள்ளை ஒவ்வொரு பக்கத்தையும் இஸ்திரிப் பெட்டியால் இரண்டு தடவை தேய்த்துத்தான் உறையில் போடுகிறார். இருந்தாலும் உறையை வெயிலில் வைத்துப் பிரிக்கவும். பிரித்த பிறகுதான் இதைப் படிப்பீர்கள் என்பது இப்போதுதான் தோன்றுகிறது. அப்படியானால் எழுந்து, வெளியே போய், மடியை ஒருமுறை உதறிவிடுங்கள்.

ஆறாம் நாள், மாலை. பதற்றம் உண்டு.